மே மாதத்தில் தொடங்கி மாசியில் முடிக்காதீர்கள்: ஆதரவு வீடுகளில் முன்னேற்றத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநோயுள்ளவர்கள் பணியாளர் துணையோடு வாழும் வீடுகளைத்தான் ஆதரவு வீடு என்கிறோம். அங்கிருப்பவர்களின் முன்னேற்றத்தை அளக்க, புதிதாகச் சேர்ந்த இரண்டு கள உத்தியோகத்தர்கள் நிரப்பிய படிவங்களைப் போன கிழமை பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக்க காலத்தில் நான் விட்ட அதே பிழைகள், அதே இடங்களில். திகதி போடாதது, பக்கம் விடுபட்டது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை ஒருதரம் சொன்னால் திருந்திவிடும்.

வீட்டுப் பொறுப்பாளரைப் பக்கத்தில் இருத்திக் கேட்பது

வேண்டாம். பதில் அவருடையதாகத்தான் இருக்கும்.

மாதம் பார்க்காமல் அளப்பது

எனக்கு இன்றைக்கும் ஆறாதது இது.

கிளிநொச்சிப் பக்கம் நீண்டகால மனநோயுள்ள எட்டுப் பேருக்கென்று ஒரு ஆதரவு வீடு தொடங்கினோம். பலர் சொந்தங்களை இறுதிப்போரில் இழந்து, ஆஸ்பத்திரியை விட்டால் போக இடமில்லாதவர்கள். எல்லாரும் வந்து சேர்ந்தது ஒரு மே மாதம். அன்றாட வாழ்வில் ஒருவருக்குள்ள கஷ்டத்தை அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் 'ஹூடாஸ்' (WHODAS) படிவத்தின் 12 கேள்விக் குறும்பதிப்பை அப்போதே நிரப்பினோம். வீட்டுப் பொறுப்புகள், அன்றாட வேலை, ஊர் நிகழ்வுகளில் கலந்துகொள்வது, நோயால் மனம் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகள். புள்ளி கூடினால் கஷ்டம் கூட என்று பொருள். அடுத்த மாசியில் திரும்பக் கேட்டோம். அநேகமாக எல்லாருக்கும் புள்ளி நன்றாக இறங்கியிருந்தது. சந்தோசத்தில் அறிக்கையை நானே எழுதினேன்.

அந்தக் கேள்விகள் எல்லாம் கடந்த 30 நாட்களைப் பற்றியவை. நான் யோசிக்காமல் விட்டது அதைத்தான். வன்னியில் மே என்பது என்ன மாதம்? 2009 இல் அந்த நாட்களில் பிள்ளையையோ புருசனையோ பறிகொடுத்த வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மே 18 நெருங்க நெருங்க நோயில்லாதவர்களுக்கே நித்திரை குழம்பும், சோறு இறங்காது. மாசியோ காலபோக அறுவடைக் காலம். வயலில் ஆள் தட்டுப்பாடு. மற்ற நாளில் கூப்பிடாதவர்களையும் நெல் காயவிட, சாக்குக் கட்டக் கூப்பிடுவார்கள். கையில் கொஞ்சம் காசு புழங்கும், பேச ஆட்கள் இருப்பார்கள். 'வேலை செய்வது எவ்வளவு கஷ்டமாக இருந்தது' என்று மாசியில் கேட்டால் யாருக்குத்தான் புள்ளி இறங்காது? போதாக்குறைக்கு, ஒருவர் ஆதரவு வீட்டுக்கு வந்து சேர்வதே நிலைமை மிக மோசமான நேரத்தில்தான். எதுவும் செய்யாமல் விட்டாலும் அதிலிருந்து ஓரளவு மேலே வந்திருப்பார்.

நிதி தந்தவர்கள் அறிக்கையை வாசித்துவிட்டு, இவ்வளவு தேறியவர்களுக்கு இரவுப் பணியாளர் எதற்கு என்று கேட்டார்கள். நானும் தலையாட்டினேன். அடுத்த மே மாதத்தில் ஒரு இரவு, எங்களோடு இருந்த அக்கா ஒருவர் மகனைத் தேடி முல்லைத்தீவுப் பக்கம் நடந்துவிட்டார். இரண்டாம் நாள் விசுவமடுவில் கண்டுபிடித்தோம், காலெல்லாம் புண். இரவுப் பணியாளர் இருந்திருந்தால் படலையிலேயே மறித்திருப்பார். அந்தப் பணியாளர் தேவையில்லை என்று நினைக்கவைத்த அறிக்கையில் இருப்பது என் கையெழுத்து.

ஆகவே மேயை மேயோடு ஒப்பிடுங்கள், மாசியை மாசியோடு. மூன்று மாதத்துக்கு ஒருக்கா கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. வீடு கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களிடமும் அதே மாதத்தில் அதே படிவத்தைக் கேளுங்கள். கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், மனநோயுள்ள வீடற்றவர்கள் 2000 பேருக்கு மேல் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு நேரடியாக வீடும் ஆதரவும், மற்றவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சேவை. வீட்டில் நிலைத்திருப்பதில் முதற்பிரிவு தெளிவாக முன்னுக்கு நின்றது. நோய்க்குறிகளோ இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. இரண்டாம் பிரிவு இல்லாதிருந்தால் அந்தக் குறைவு முழுவதையும் வீட்டின் கணக்கில் எழுதியிருப்பார்கள், நான் எழுதியதுபோல.

ஆஸ்பத்திரிக்குப் போனால் தோல்வி என்று எழுதுவது

இப்படி எழுதத் தொடங்கினால், பணியாளர்கள் ஆட்களைக் கொண்டுபோகவே தயங்குவார்கள். நித்திரை குழம்பிய மூன்றாம் நாளே தானாகக் கிளினிக்குக்குப் போய், பத்து நாள் வார்ட்டில் இருந்து வந்தவரையும், பொலிஸ் ஏற்றிக்கொண்டுபோனவரையும் ஒரே கட்டத்தில் புள்ளடி போட முடியாது. யார் முதலில் கவனித்தது, எத்தனை நாள் இருந்தார், திரும்பி வந்தபோது அவருடைய கட்டில் அவருக்கே இருந்ததா என்று எழுதுங்கள்.

'சமூகப் பங்கேற்பு' என்ற சொல்லை வைத்தே கேட்பது

எங்கள் ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டால் ஆட்கள் கூட்டத்தையும் சங்கத்தையும்தான் நினைப்பார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனீர்களா, கலியாண வீட்டுக்குப் போனீர்களா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் நல்ல கேள்வி: அயலில் ஒரு செத்தவீடு என்றால் உங்களுக்கு ஆள் அனுப்பிச் சொல்கிறார்களா? ஊர் ஒருவரைத் தன் ஆளாக எடுத்துவிட்டதா என்பது அதில் தெரியும்.

விலகியவர்களைப் பட்டியலிலிருந்து வெட்டுவது

வெட்டாதீர்கள். எங்கே போனார் என்று எழுதுங்கள்: தங்கச்சி வீட்டுக்கா, பஸ் ஸ்ராண்டுக்கா.