கணக்கில் 16 வாங்கியவன் ஏப்ரலுக்குள் என்ன செய்யலாம்?

ஸ்ரீரங்கத்தில் வீட்டு மாடியில் பதினைந்து வருடமாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். 2025 பிப்ரவரியில் ஒரு பையன் அம்மாவோடு வந்தான். ஜனவரியில் எழுதிய ஜேஇஇ மெயின் என்ற பொறியியல் நுழைவுத்தேர்வில் கணக்குக்கு 100க்கு 16. "எனக்குக் கணக்கே வராது மிஸ், மொதல்லேர்ந்து நடத்துங்க" என்றான். அம்மா கையில் அன்றுதான் வாங்கிய மூன்று தடித்த புத்தகங்கள். பிரிக்க வேண்டாம், அப்படியே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது.

அதே தேர்வை இரண்டாம் தடவை எழுதுகிற ஏப்ரல் அமர்வுக்கு எட்டு வாரம்தான் இருந்தது. நடுவே மார்ச் 3 முதல் 25 வரை பிளஸ் டூ பொதுத்தேர்வு. முதலிலிருந்து நடத்துவதெல்லாம் நடக்கிற காரியமா?

நான் கேட்டது ஒன்றுதான்: அவன் விடைகளின் பதிவு. தேர்வு முடிந்த சில நாட்களில், அதை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் தளத்தில் விடைக்குறிப்போடு அதுவும் வரும். எந்தக் கேள்விக்கு எதை அழுத்தினோம் என்பது அதில் அப்படியே இருக்கும். முக்கால்வாசிப் பிள்ளைகள் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உங்களுக்கும் மதிப்பெண் குறைவு என்றால் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

அவன் 25 கேள்வியில் 19 எழுதியிருந்தான். 7 சரி, 12 தப்பு. சரிக்கு நாலு வீதம் ஏழு நாலு 28. தப்புக்கு ஒன்று வீதம் 12 போக 16. அந்தப் பன்னிரண்டையும் கடிகாரம் இல்லாமல் மறுபடி போடச் சொன்னேன். இரண்டு சாயங்காலம் ஆனது. ஏழு கேள்விக்கு அவனே சரியான விடை கொண்டுவந்தான். அவற்றில் நாலு, கூட்டல் கழித்தலில் சறுக்கியவை. மூன்று, கேள்வியைச் சரியாகப் படிக்காமல் போட்டவை. மிச்சம் ஐந்தும் எண்ணை நாமே தட்டச்சு செய்கிற கடைசிப் பகுதியில் குத்துமதிப்பாகப் போட்டவை. "அதுக்கு மைனஸ் கிடையாதுன்னு அண்ணன் சொன்னாங்க மிஸ்." அண்ணன் எழுதியது 2021இல், அப்போது கிடையாது. இப்போது உண்டு, 2025 முதல் அந்த ஐந்திலும் சாய்ஸ் இல்லை. பழைய ஆட்கள் சொல்வதை நம்பாமல் அந்த வருடத்துத் தகவல் கையேட்டை ஒருதரம் படித்துவிடுங்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். அந்த ஏழையும் சரியாகப் போட்டு, ஐந்தைத் தொடாமல் விட்டிருந்தால் 14 சரி, 56 மதிப்பெண். புதிதாக ஒரு சூத்திரம்கூடப் படிக்காமல்! கணக்கு வராது என்றவனிடம் இதைப் பலகையில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

படிக்காமல் போட்டது எப்படி என்று ஒன்றைச் சொல்கிறேன். வரிசை 3 கொண்ட ஓர் அணி (மேட்ரிக்ஸ்), அதாவது மூன்று நிரை, மூன்று நிரல் உள்ள எண் கட்டம். அதன் அணிக்கோவை (டிடர்மினன்ட்) 5. அணியை 2ஆல் பெருக்கி, வருவதன் சேர்ப்பு அணிக்கு (அட்ஜாயின்ட்) அணிக்கோவை என்ன? வரிசை 3 என்றால் சேர்ப்பு அணியின் அணிக்கோவை, மூல அணியின் அணிக்கோவைக்கு வர்க்கம். அவன் 2ஐ ஒரே தடவை வெளியே எடுத்து 10, அதன் வர்க்கம் 100 என்று போட்டுவிட்டான். மூன்று நிரையிலும் 2 உட்கார்ந்திருக்கிறதே! வெளியே வரும்போது 8 ஆகத்தான் வரும். 8 × 5 = 40; வர்க்கம் 1600. நான்கு விருப்பங்களில் அந்த 100ம் இருந்தது. இருக்காமல் போகுமா? கேள்வி எடுப்பவருக்கு நாம் எங்கே வழுக்குவோம் என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டு நாலில் ஒன்றை அழுத்தினால்கூடச் சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம்தான் வரும். பாதிக் கணக்குப் போட்டுவிட்டு, விடை பொருந்துகிறதே என்று அழுத்துவதுதான் ஆபத்து.

அதனால் ஒரு தப்பு நோட்டு வைக்கச் சொன்னேன். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் கால் எங்கே வழுக்கியது என்று ஒரே வரி. "கவனக்குறைவு" என்று எழுதினால் அடித்துவிடுவேன். "வரிசை 3 என்பதைப் பார்க்கவில்லை", "மைனஸை அடைப்புக்குள் கொண்டுபோகவில்லை" என்று இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த இடது பக்கத்தை மட்டும் மறுபடி போட வேண்டும்.

வெள்ளைத்தாளில் கிறுக்குவதும் ஒரு கலை. இந்தப் பையன் மூலையில் ஆரம்பித்து, இடம் கிடைத்த பக்கமெல்லாம் எழுதுவான். 7 என்று எழுதியது அடுத்த வரியில் 1 ஆகிவிடும். தாளை நாலாக மடித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு கேள்வி, மேலே கேள்வி எண் என்று பழக்கினேன். கால்குலேட்டர் கிடையாது என்பதால் 30 வரை வர்க்கம், 15 வரை கனம் தினமும் ஒப்பிக்க வைத்தேன். எல்கேஜி மாதிரி இருக்கிறது என்று சிரித்தான். சிரிக்கட்டும்.

பாடங்களில் பொதுத்தேர்வுக்கும் சேர்த்து உதவுகிறவற்றை முதலில் எடுத்தோம்: அணிகள், வெக்டர், வகைக்கெழுச் சமன்பாடுகள், வரையறுத்த தொகை. ஜேஇஇ மெயின் வழியாகச் சேரும் மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளான என்ஐடி சேர்க்கைக்குப் பிளஸ் டூவில் 75 சதவீதம் பார்ப்பார்கள், அதனால் பொதுத்தேர்வை அலட்சியம் செய்யவும் முடியாது. அப்புறம் பதினொன்றாம் வகுப்புப் பாடம். நம் ஊரில் அதை ஓட்டிவிட்டு நேரே பன்னிரண்டுக்குத் தாவுகிற பள்ளிகள் உண்டு, அவன் படித்ததும் அப்படி ஒன்றில்தான். தொடர்வரிசை, நேர்க்கோடு இரண்டையும் முடித்தோம். வரிசை மாற்றங்களும் சேர்மானங்களும் அவனுக்குப் பிடிபடவில்லை, விட்டுவிடு என்றேன். எட்டு வாரத்தில் எல்லாவற்றையும் பிடிக்கப் போனால் கையில் இருப்பதும் நழுவும்.

பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் முதல் தினம் ஒரு பழைய தாள், சரியாகக் காலை 9 முதல் 12 வரை, கணினியில். வேதியியலும் இயற்பியலும் முதல் 100 நிமிடத்துக்குள், மிச்சம் கணக்குக்கு. கணக்கில் முதல் சுற்றில் படித்ததுமே வழி தெரிகிற கேள்விகள் மட்டும். மூன்று நிமிடம் தாண்டியும் முடியவில்லை என்றால் குறித்துவைத்துவிட்டு நகர வேண்டும். இது அவனுக்குக் கடைசிவரை கஷ்டமாகவே இருந்தது. பாதியில் விட மனசு வராது, பத்து நிமிடம் மல்லுக்கட்டுவான். பக்கத்தில் சமையல் டைமரை வைத்துத்தான் வழிக்குக் கொண்டுவந்தேன்.

இரண்டு அமர்வில் எது அதிகமோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பதால் ஏப்ரலில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன். 17 எழுதினான், 13 சரி, 4 தப்பு. 48. பதிவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடிவந்தான். தப்பான நாலில் ஒன்று மறுபடியும் அணிக்கோவை. இந்த முறை அடுக்கெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தான்; கடைசியில் 12 × 12ஐ 124 என்று தட்டியிருந்தான்.