யாரோடு பேசினோம் என்பதைக் காப்பது எப்படி

கண்காணிப்பிலிருந்து தப்ப எந்தச் செயலியை நிறுவ வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் ஒரு தாளை எடுத்து (தாளையே எடுங்கள், கைபேசியின் குறிப்பேட்டை அல்ல) உங்கள்மீது அதிகாரம் உள்ளவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். வேலையிலிருந்து நீக்கக்கூடியவர், வழக்குத் தொடுக்கக்கூடியவர், வீட்டில் உங்கள் கைபேசியை எடுத்துப் பார்க்கக்கூடியவர், உங்கள் கணக்கை முடக்கக்கூடிய நிறுவனம் என்று அந்தப் பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொருவருக்கும் எதிரில், அவரால் எதைப் பார்க்க முடியும், பார்த்ததை வைத்து உங்களை என்ன செய்ய முடியும் என்ற இரண்டையும் குறியுங்கள். பார்ப்பவர் எல்லோரும் ஆபத்தானவர்கள் அல்லர். பார்த்ததற்காகத் தண்டிக்கும் வலிமை உடையவரையே முதலில் கவனிக்க வேண்டும். வேலை முடிந்ததும் தாளைக் கிழித்துவிடுங்கள்.

முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்ட செய்தியை அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடியும். இடையில் நிற்கும் நிறுவனத்தால் முடியாது. சிக்னல் செயலி அவ்வாறே இயங்குகிறது. அதன் மறையாக்க நெறிமுறையைப் பயன்படுத்தி வாட்ஸ்அப்பும் 2016 ஏப்ரலில் தன் பயனர் அனைவருக்கும் இந்தப் பாதுகாப்பை விரிவாக்கியது. டெலிகிராமில் ‘ரகசிய உரையாடல்’ எனத் தனியே தொடங்குபவை மட்டுமே இப்படிப் பூட்டப்படுகின்றன என்பது, அதைப் பாதுகாப்பானது என்று நம்பும் பலருக்குத் தெரியாது. சாதாரணக் குறுஞ்செய்தியையோ தொலைத்தொடர்பு நிறுவனம் எழுத்து விடாமல் படிக்க முடியும்.

ஆனால் பூட்டப்படுவது செய்தி மட்டும்தான். யார், யாரோடு, எப்போது, எங்கிருந்து, எவ்வளவு நேரம் பேசினார் என்ற விவரங்கள், அதாவது மீத்தரவு, பூட்டுக்கு வெளியே கிடக்கின்றன. அமெரிக்க உளவு முகமையின் ஒப்பந்தப் பணியாளராக இருந்த எட்வர்டு ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களில் 2013 ஜூனில் முதலில் செய்தியானது, வெரைசான் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர்களது அழைப்பு விவரங்களை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை நாள்தோறும் மொத்தமாகப் பெற்றுவந்த செய்திதான். பேச்சு அதில் இல்லை. பேச்சைக் கேட்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பேசுபவரின் மொழி தெரிந்திருக்க வேண்டும். தொடர்புப் பட்டியலை அலசுவதற்குக் கணினி போதும். அலுவலக முறைகேட்டைச் செய்தியாளரிடம் சொன்ன ஊழியர் யார் என்று கண்டுபிடிக்க, அவர் என்ன சொன்னார் என்பதே நிர்வாகத்துக்குத் தேவையில்லை. செய்தி வெளிவருவதற்கு முந்தைய வாரம், அலுவலகம் கொடுத்த எண்ணிலிருந்து அந்தச் செய்தியாளருக்கு நான்கு நிமிட அழைப்பு ஒன்று போயிருந்தால் போதும்.

ஆகவே, செயலி எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், அலுவலகம் தந்த கைபேசி, மடிக்கணினி, மின்னஞ்சல், வைஃபை ஆகிய எதிலும் அலுவலகத்துக்கு எதிரான பேச்சைத் தொடங்காதீர்கள். நிறுவனத்தின் கருவியில் திரையையே பதிவுசெய்யும் மென்பொருள் இருக்கலாம், திரையில் தெரிவதை எந்த மறையாக்கமும் காக்காது. பலர் சறுக்குவது முதல் தொடர்பில்தான். சாதாரண அழைப்பில் “சிக்னலுக்கு வாருங்கள்” என்று சொல்லிவிட்டு அங்கே போவது, வாசலில் காலடித் தடத்தைப் பதித்துவிட்டுக் கதவைச் சாத்துவதற்கு ஒப்பானது. முதல் சொல்லே அங்கே தொடங்க வேண்டும். 2024 முதல் சிக்னலில் தொலைபேசி எண்ணைக் காட்டாமல் பயனர்பெயரைக் கொண்டே ஒருவரோடு பேசவும் முடியும்.

ஒரு சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது, அதிகாரத்தில் உள்ளவர் கேட்டால் எடுத்துக் கொடுக்க அதனிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2016இல் அமெரிக்காவில் சட்டப்படியான ஆணையின் பேரில் ஒரு பயனரைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் மட்டுமே சிக்னலால் தர முடிந்தது. வேறெதையும் அது சேமித்து வைத்திருக்கவில்லை.

சில்லறை வேலைகளை ஒரே மாலையில் முடித்துவிடலாம். வாட்ஸ்அப் காப்புப்பிரதிக்கான மறையாக்கத்தை அமைப்புகளில் நீங்களே இயக்குங்கள். இல்லையென்றால் கைபேசியில் பூட்டியது மேகக்கணியில் திறந்து கிடக்கும். இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலில் தெரியாத கணினி இருந்தால் நீக்குங்கள். பூட்டுத் திரையில் செய்தியின் வரிகள் தெரிவதை நிறுத்துங்கள். தானாக மறையும் செய்திகளுக்குக் கால அளவு வையுங்கள். எதிர்முனையில் இருப்பவர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை அது தடுக்காது.

குழுக்கள் தனிச் சிக்கல். நாற்பது பேர் கொண்ட குழுவில் ஒருவரின் கைபேசி பறிபோனால் உரையாடலோடு உறுப்பினர் பட்டியலும் சேர்ந்தே போகிறது. முடிவெடுக்கும் பேச்சை ஐந்தாறு பேருக்குள் வைத்துக்கொண்டு, பெரிய குழுவை அறிவிப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள், நீங்கள் எதையும் தொடாமலே உங்கள் கருவிக்குள் நுழையக்கூடியது. அதன் முன் செயலியின் மறையாக்கம் பயனற்றது. ஆப்பிள் 2022இல் கொண்டுவந்த லாக்டவுன் முறை நுழையும் வழிகளைக் குறைக்கிறது. எனினும் பெகாசஸ் விலை மிகுந்த ஆயுதம். அதற்கு அஞ்சி “எப்படியும் பார்த்துவிடுவார்கள்” என்று மற்ற எல்லாவற்றையும் கைவிடுவதே, என் பார்வையில், அதைவிடப் பெரிய இழப்பு.

உண்மையிலேயே வெளியே தெரியக் கூடாத பேச்சை நேரில் பேசுங்கள். கைபேசி கோபுரத்தோடு இணைந்திருக்கும் வரை இருப்பிடம் பதிவாகிக்கொண்டே இருக்கும். அதற்காக இருவரும் ஒரே நேரத்தில், ஒரே பகுதியில் கைபேசியை அணைத்தால் அதுவும் ஒரு பதிவுதான். அணைக்காமல், அந்த வேளையில் அது வழக்கமாக இருக்கும் இடத்திலேயே வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.