நீலகிரிக் கட்டடங்களின் வரலாறு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி ஆண்டு மலரானாலும் சுற்றுலாப் பலகையானாலும், நீலகிரியின் பழைய கட்டடங்களைப் பற்றி எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது ஆண்டில்தான். போட்ட ஆண்டு பெரும்பாலும் பொய்யாக இருக்காது. அது எதற்கு உரிய ஆண்டு என்பதுதான் மாறிப்போயிருக்கும்.

ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829, 1830, 1831 என மூன்று ஆண்டுகள் உலவுகின்றன. மூன்றும் சரி. அடிக்கல் நாட்டியது 1829 ஏப்ரல் 23. கல்கத்தா பிஷப் பிரதிஷ்டை செய்தது 1830 நவம்பர் 5. மக்களுக்குத் திறந்தது 1831 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறு. "1830இல் கட்டப்பட்டது" என்று எழுதிவிட்டால், 1829ஐப் பார்த்த ஒருவர் உங்களைத் திருத்துவார். 1831ஐப் பார்த்தவர் அவரைத் திருத்துவார். ஆண்டை எழுதும்போதே அடிக்கல்லா, பிரதிஷ்டையா, திறப்பா என்றும் எழுதிவிடுங்கள். இதே தேவாலயத்தின் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை. மரம் திப்பு காலத்தது என்பதற்காகக் கட்டடமும் திப்பு காலத்தது ஆகிவிடாது.

மலை ரயிலிலும் இதே குழப்பம்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கியது. ஊட்டியை எட்டியது 1908இல். செங்குத்தான ஏற்றத்தில் ரயில் பற்றி ஏற உதவும் பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டுமே. ஊட்டி நிலையத்தில் எடுத்த படத்துக்குக் கீழே "பல்சக்கரப் பாதை" என்று போடுவதை இன்னும் எத்தனை முறை பார்ப்பதோ!

அடுத்தது, கட்டடத்தின் வயதையும் அதில் இயங்கும் நிறுவனத்தின் வயதையும் ஒன்றாக்குவது. ஊட்டியில் உள்ள ஸ்டோன் ஹவுஸ் பங்களாவை ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் கட்டத் தொடங்கியது 1822இல். அது இன்று நிற்கும் வளாகத்தில் உள்ள அரசு கலைக் கல்லூரி தொடங்கியது 1955இல். நடுவே 133 ஆண்டுகள். "இருநூறு ஆண்டுப் பழைமையான கல்லூரி" என்ற வரி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. குன்னூருக்கு அருகிலுள்ள வெலிங்டனிலும் கவனம் தேவை. அங்குள்ள பாரக்ஸ், அதாவது படைவீரர் குடியிருப்பு, 1850களில் எழுந்தது. ராணுவ அதிகாரிகள் பயிலும் ஸ்டாஃப் காலேஜ், இன்று பாகிஸ்தானில் உள்ள குவெட்டாவிலிருந்து வந்து சேர்ந்தது 1947இல். பாரக்ஸ் எழுந்த காலத்துத் தாள்களில் வெலிங்டன் என்று தேடினால் கிடைக்காது, ஜெகதளா என்ற பழைய பெயரில் தேட வேண்டும்.

"முதல்" என்ற சொல்லுக்கு எல்லை கட்டாமல் விடாதீர்கள். ஸ்டோன் ஹவுஸ் ஊட்டியின் முதல் பங்களா. நீலகிரியில் சல்லிவனின் முதல் வீடு கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் இருக்கிறது, 1819ஆம் ஆண்டு வேலை. "நீலகிரியைக் கண்டுபிடித்த சல்லிவன்" என்பதையும் விட்டுவிடலாம். தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் எல்லாரும் அவருக்கு முன்பே இங்கே வாழ்ந்தவர்கள்; தோடர்களின் பெயர் 1117ஆம் ஆண்டு ஹொய்சளக் கல்வெட்டிலேயே வருகிறது. சல்லிவன் கவர்னரும் அல்ல, கோயம்புத்தூர் கலெக்டர்.

ஊட்டி கிளப்பைப் பற்றி எழுதினால் ஸ்னூக்கர் என்ற மேசைப் பந்தாட்டம் வராமல் இருக்காது. ஆட்டம் உருவானது 1875இல் ஜபல்பூரில். விதிகள் எழுத்தில் நிலைபெற்றதுதான் ஊட்டியில். ஆட்டத்தை உருவாக்கிய நெவில் சேம்பர்லின் ராணுவ அதிகாரி, அதே பெயருடைய பிற்காலத்துப் பிரிட்டிஷ் பிரதமர் வேறு ஆள்.

பழைய ஓவியத்தையோ வரைபடத்தையோ வைத்து இடம் குறிப்பவர்கள் ஏரியிடம் ஏமாறுகிறார்கள். ஊட்டி ஏரி 1823 முதல் 1825 வரை ஓடையை அணைகட்டித் தேக்கியது. அப்போது இன்றைய பஸ் ஸ்டாண்ட், ரேஸ் கோர்ஸ் இருக்கும் இடமெல்லாம் தண்ணீர். இன்றைய கரையை வைத்து அளந்தால் ஓவியத்தில் உள்ள வீடு எங்கோ தள்ளிப் போய்விடும். புனித ஸ்டீபன் தேவாலயம் போல இடம் மாறாத ஒன்றை முதலில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து திசை பாருங்கள்.

ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் அந்த ஆண்டில் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீலகிரி தனி நிர்வாகமானது 1868இல், அதுவும் கமிஷனரின் கீழ். கலெக்டர் பதவி வந்தது 1882இல். ஆகவே "1850இல் நீலகிரி கலெக்டர்" என்று ஒரு குறிப்பு சொன்னால் அதை நம்ப வேண்டாம். 1868க்கு முந்தைய தாள்களைக் கோயம்புத்தூர் மாவட்ட ஆவணக் கட்டுகளில் தேட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: 1830 முதல் 1843 வரை ஊட்டி உள்ளிட்ட மேற்குப் பகுதி மலபாருடன் இருந்தது. கூடலூர்ப் பக்கம் நீலகிரியில் சேர்ந்ததே 1877இல்தான். அங்கத்திய பழைய எஸ்டேட் பங்களா என்றால் மலபார் கட்டுகளிலிருந்து தொடங்குங்கள்.