டீம்ஸ், ஜிரா, ஸ்லாக்: டெல்டாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு

நெதர்லாந்திலிருந்து லீவில் மன்னார்குடி வந்து பத்து நாள் ஆகிறது. எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பேர் அடுத்த மாதம் நெதர்லாந்துக்குக் கிளம்புகிறார்கள். சாயங்காலம் வந்து உட்கார்ந்தால், "அண்ணே, பொன்னி அரிசி கிடைக்குமா, கோட்டு இங்கேயே வாங்கலாமா" என்றுதான் கேட்கிறார்கள். அரிசி கிடைக்கும். கோட்டு அங்கே போய் வாங்குங்கள். இறங்கியவுடன் நகராட்சியில் முகவரியைப் பதிந்து பிஎஸ்என் என்ற அந்நாட்டு அடையாள எண்ணை வாங்கிவிடுங்கள், சம்பளத்துக்கு அது வேண்டும். மற்றதை அங்கிருக்கும் நம் ஆட்கள் ஒரே வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் கேட்காத ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டவர்களுக்கும் இது உதவும்.

தஞ்சாவூரிலோ திருச்சியிலோ படித்து, சென்னையில் நாலு வருடம் வேலை பார்த்தவருக்குக் மென்பொருள் கோடு எழுத யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செய்தி அனுப்ப டீம்ஸ், ஸ்லாக், யார் எந்த வேலையைச் செய்கிறார் என்று குறித்துவைக்க ஜிரா, ஆவணம் எழுதிவைக்கக் கன்ஃப்ளூயன்ஸ், எல்லாமே பழகிய பெயர்கள்தான். ஆனால் சென்னையில் வேலை ஓடுவது பக்கத்து சீட்டில், டீக்கடையில். பேசி முடித்த பிறகு பெயருக்கு ஜிராவில் டிக்கெட்டை, அதாவது அந்த வேலைக்கான குறிப்பை, நகர்த்துவோம். நெதர்லாந்தில் ஒருவர் புதன்கிழமை வரவே மாட்டார், இன்னொருவர் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பார். டீமில் பாதிப் பேரை நேரில் பார்ப்பதே அபூர்வம். அதனால் எழுதி வைத்ததுதான் அங்கே நடந்த வேலை. எழுதாததை யாரும் அறிய வழியில்லை.

எனக்கு இது இரண்டாவது மாதத்தில் புரிந்தது. ஒரு டிப்ளாய்மென்ட், அதாவது எழுதிய மென்பொருளைச் சர்வரில் ஏற்றும் வேலை, நின்றுபோனது. டீம் லீடுக்குத் தனிச் செய்தியில் "ஹாய்" என்று போட்டுவிட்டு, பதில் வரட்டும், பிறகு விஷயத்தைச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். நம்மிடம் அது மரியாதை. அவர் இரண்டு மணி நேரம் கழித்து "ஹாய்" என்றார். நான் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கிளம்பிவிட்டார். இப்படியே மூன்று நாள் போனது. இரவு 11 மணி வரை உட்கார்ந்து நானே முட்டிப் பார்த்தேன். அதே பிழையை முந்தைய வருடம் சரிசெய்தவர் எங்கள் டீமிலேயே இருந்தார், அவருக்கு என் சிக்கல் தெரியவே இல்லை. முதல் ரிவ்யூவில் மேனேஜர், "நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை" என்றார். அவ்வளவு உழைத்துவிட்டு அதைக் கேட்டபோது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

டீம்ஸிலும் ஸ்லாக்கிலும் டீமில் எல்லோரும் பார்க்கும்படி பேசும் பொது இடத்துக்குச் சேனல் என்று பெயர். சேனல் என்றால் வாய்க்கால். ஜூன் 12 அன்று மேட்டூரில் திறந்தாலும் நம் வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று மதகு திறந்துவிடும் லஸ்கரிடம் போய் நின்றவர்கள் நாம். தலைமடையில் ஒருவர் ஷட்டரை இறக்கிவிட்டால் கடைமடை காய்ந்து கிடக்கும் என்று நமக்குத் தெரியும். தனிச் செய்தி அப்படி இறக்கிய ஷட்டர்தான். கேள்வியும் பதிலும் இரண்டு பேரோடு நின்றுவிடும். அதே சிக்கலில் ஆறு மாதம் கழித்து மாட்டுகிறவர் தேடினாலும் அகப்படாது. சம்பளம், லீவு, உடம்பு, யாரோடாவது மனஸ்தாபம் என்றால் தனியாகப் பேசுங்கள். வேலை சம்பந்தப்பட்ட கேள்வி எதுவானாலும் டீம் சேனலில் போடுங்கள். எல்லோர் முன்னாலும் தெரியவில்லை என்று எழுதக் கூச்சமாக இருக்கும். எனக்கு நாலைந்து மாதம் இருந்தது. அங்கே அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை, மூன்று நாள் சொல்லாமல் இருப்பதைத்தான் நினைக்கிறார்கள்.

எப்படிக் கேட்பது? நான் இப்போது எழுதும் மாதிரி இது: "டெஸ்ட் சர்வரில் டிப்ளாய்மென்ட் காலை 10 மணியிலிருந்து நிற்கிறது. சர்ட்டிஃபிகேட் காலாவதி என்று பிழை வருகிறது, லாக் கீழே இருக்கிறது. புதிய சர்ட்டிஃபிகேட் போட்டுப் பார்த்தேன், அதே பிழை. இதை யார் கவனிக்கிறார்கள்? நாளை மதியத்துக்குள் சரியானால் போதும்." வணக்கமும் விஷயமும் ஒரே செய்தியில் வரட்டும். என்ன முயன்று பார்த்தீர்கள் என்பதை விடவே விடாதீர்கள், படிக்கிறவர் உங்களுக்காக நேரம் ஒதுக்குவது அதைப் பார்த்துத்தான். பதில் வந்ததும் அதே இழையில் கீழே தொடருங்கள், புதிய செய்தியாகப் போட்டால் பேச்சு சிதறிவிடும். சரியானதும் எப்படிச் சரியானது என்று ஒரு வரி எழுதுங்கள்.

சொற்களிலும் கவனம் வேண்டும். "ஐ ஹேவ் எ டவுட்" என்பது நமக்குச் சாதாரணக் கேள்வி, அவர்கள் காதில் அது உங்கள் பேச்சை நான் நம்பவில்லை என்பதுபோல விழும். கேள்வி இருக்கிறது என்றே சொல்லுங்கள். "ப்ளீஸ் ரிவர்ட்" இன்னும் வம்பு, மென்பொருளில் அதற்குச் செய்த மாற்றத்தைத் திரும்ப எடுப்பது என்று பொருள். பதில் போடுங்கள் என்ற அர்த்தத்தில் நான் எழுதியதைப் பார்த்து, எந்த மாற்றத்தை எடுக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். அப்புறம் "ஓகே". காதில் வாங்கிக்கொண்டேன் என்பதற்கு நாம் ஓகே சொல்வோம், அவர்கள் அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு ஜிராவில் தேதி போட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்றால் திங்கட்கிழமையே சொல்லிவிடுங்கள்.

கோப்பு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். டீம்ஸில் தனிச் செய்தியில் அனுப்பும் கோப்பு அனுப்பியவரின் சொந்தச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் போய் உட்காரும், சேனலில் போட்டால் ஷேர்பாயின்ட்டில் டீமின் பொது இடத்துக்குப் போகும். அனுப்பியவர் வேலையை விட்டுப் போய் அவர் கணக்கை நீக்கினால், நிர்வாகி மாற்றி வைக்காதவரை ஒன்டிரைவ் 30 நாள்தான் இருக்கும். ஒரு டிசைன் ஆவணத்தை நாங்கள் அப்படித் தொலைத்தோம். அதைத் திரும்ப எழுத இரண்டு வாரம் ஆனது.

டீம்ஸில் ஐந்து நிமிடம் எதையும் தொடாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் புள்ளி வந்துவிடும். அதைப் பச்சையாகவே வைத்திருக்கப் பாடுபடாதீர்கள், அங்கே யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. இரவில் யோசனை வந்தால் எழுதிவிட்டு, காலை 9 மணிக்குப் போகும்படி நேரம் குறித்து அனுப்புங்கள். சென்னை டீமோடு பேச வேண்டியவர்கள் கவனிக்க: குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று இந்த வித்தியாசம் மாறும். நெதர்லாந்து நேரத்தில் போட்ட மீட்டிங் அதிலிருந்து சென்னைக்காரர்களுக்கு ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். முதல் நாளே சேனலில் நினைவுபடுத்துங்கள்.

பெயரை முதல் வாரமே சரிசெய்யுங்கள். இனிஷியலை விரித்து பாஸ்போர்ட்டில் போட்டிருப்பதால் டீம்ஸில் அப்பா பெயர் முன்னால் வந்து, எல்லோரும் உங்களை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஐடி உதவி மேசையில் கேட்டால் திரையில் தெரியும் பெயரைப் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள். இப்போது கூச்சப்பட்டு விட்டால் பிறகு திருத்தவே முடியாது.

பொங்கலுக்கோ தங்கச்சி கல்யாணத்துக்கோ ஊருக்கு வருவதானால் தேதியை டீம் காலண்டரில் மூன்று மாதம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். கிளம்பும் முன் எந்த டிக்கெட் எந்த நிலையில் இருக்கிறது, எந்த ஆவணம் எங்கே இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்று கன்ஃப்ளூயன்ஸில் ஒரு பக்கம் எழுதி, இணைப்பைச் சேனலில் போடுங்கள். இந்தத் தடவை நான் அப்படி எழுதிவிட்டுத்தான் வந்தேன். இந்தப் பத்து நாளில் ஆபீஸிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.