பேய்க் காமெடிக்கு இரண்டாம் பாகம்: கேமரா ஓடுவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

சின்ன பட்ஜெட்டில் எடுத்த பேய்க் காமெடி ஒன்று தியேட்டரில் சுமாராக ஓடி, பிறகு வீடியோவிலும் நள்ளிரவுக் காட்சிகளிலும் வெறிகொண்ட ரசிகர்களைச் சேர்த்துவிட்டால், "ரெண்டாம் பாகம் எப்போ?" என்ற கேள்வி வந்தே தீரும். அமெரிக்காவில் எழுபதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகள் வரை இப்படிப் பிறந்த படங்கள் ஏராளம். அவற்றில் உருப்படியானவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவை திறமை இல்லாமல் கெட்டன என்று சொல்ல மாட்டேன். முதல் படம் யாருக்குச் சொந்தம், அது எதனால் ஓடியது என்ற இரண்டையும் பார்க்காமல் இறங்கியதுதான் பல படங்களைக் கெடுத்தது.

சொந்தம் யாருக்கு என்பதில் தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் கையைக் கடிப்பது அதுதான்.

1968-இல் ஜார்ஜ் ரொமெரோவும் நண்பர்களும் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்கு முதலில் வேறு தலைப்பு. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது, பழைய டைட்டில் அட்டையோடு அதிலிருந்த காப்புரிமை அறிவிப்பும் போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, அறிவிப்பு இல்லாமல் வெளியான படம் பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம். பின்னாளில் ரொமெரோவும் உடன் எழுதிய ஜான் ரூசோவும் தனித்தனியே போனபோது, 'லிவிங் டெட்' என்ற பெயர் ரூசோ பக்கம் வந்தது. அந்தப் பெயரில்தான் 1985-இல் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி லிவிங் டெட்' வெளியானது. அதே கோடையில் ரொமெரோவின் 'டே ஆஃப் தி டெட்'டும் வந்தது. ரூசோவின் கதை முதலில் சீரியஸாகத்தான் இருந்தது. இயக்க வந்த டான் ஓ'பேனன், ரொமெரோவின் பாதையிலேயே போக விருப்பமில்லாமல் அதைக் காமெடியாக மாற்றி எழுதினார். அமெரிக்க வசூலில் காமெடிதான் முந்தியது. பெயர் எழுத்தில் யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் அடுத்த பாகத்தின் முதலாளி.

'ஈவில் டெட்' கதை இன்னும் வேடிக்கை. சாம் ரெய்மியும் நண்பர்களும் தெரிந்தவர், தெரியாதவரிடமெல்லாம் பணம் திரட்டி டென்னசியின் ஒரு பாழடைந்த மரவீட்டில் எடுத்து, 1981-இல் திரைக்கு வந்த படம் அது. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விநியோகஸ்தருக்கு விற்றார்கள். 1987-இல் இரண்டாம் பாகம் எடுக்கும்போது, தொடக்கத்தில் முன்கதைச் சுருக்கம் காட்ட முதல் படத்தின் துண்டுகள் தேவைப்பட்டன. உரிமை சிதறிக் கிடந்ததால் தங்கள் படத்தின் காட்சிகளையே தாங்கள் பயன்படுத்த முடியவில்லை. முழுவதையும் புதிதாக எடுத்தார்கள். முதல் படத்தில் மரவீட்டுக்குப் போனவர்கள் ஐந்து பேர். இந்தச் சுருக்கத்தில் நாயகனும் காதலியும் மட்டும். "இது தொடர்ச்சியா, மறுபடி எடுத்ததா?" என்று ரசிகர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். மூன்றாம் படம் 'ஆர்மி ஆஃப் டார்க்னெஸ்' யுனிவர்சல் ஸ்டுடியோவிடம் போனது. 2015-இல் அதே நாயகனை வைத்துத் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபோது, முதல் சீசனில் அந்த மூன்றாம் படத்துச் சம்பவங்களை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

ஆகவே முதல் படம் எடுக்கும்போதே எழுதி வாங்க வேண்டியவற்றை வாங்கிவிடுங்கள். கதை எழுதியவர், இசை போட்டவர், பேயின் முகமூடியைச் செதுக்கியவர் என எல்லோரிடமும், "தொடர்ச்சிகளுக்கும் பொருந்தும்" என்ற வரியோடு. முகமூடிதான் போஸ்டர், டி-ஷர்ட், பொம்மை எல்லாம். அதைச் செய்த நண்பர் பின்னால் மனம் மாறினால் உங்கள் பேய்க்கே முகம் இருக்காது. விநியோக ஒப்பந்தத்தில் தொடர்ச்சி உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோமா என்று ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பாட்டுகளுக்குத் திரைப்பட விழாத் திரையிடலுக்கு மட்டும் மலிவாக அனுமதி வாங்குவதும் இதே வகைத் தவறு. படம் பேர் வாங்கிய பிறகு முழு அனுமதி கேட்டுப் போனால், விலை அந்தப் பேரைப் பார்த்துத்தான் வரும்.

இனி, முதல் படம் எதனால் ஓடியது?

இதற்கு எடுத்தவர்களே பெரும்பாலும் தப்பான பதில்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு வகைத் தவறு, ஓடியதை அப்படியே திரும்பச் செய்வது. 1988-இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி லிவிங் டெட்' இரண்டாம் பாகத்தில், முதல் பாகத்தில் செத்துப்போகும் பாத்திரங்களில் நடித்த இரண்டு நடிகர்களை வேறு பாத்திரங்களாகக் கொண்டுவந்து, அதே விஷவாயுவைச் சுவாசிக்க வைத்து, அதேபோல் கொஞ்சம் கொஞ்சமாக விறைக்க வைத்தார்கள். இதெல்லாம் முன்பே நடந்த மாதிரி இருக்கிறதே என்று பாத்திரத்தைச் சொல்லவும் வைத்தார்கள். ஒப்புக்கொண்டுவிட்டால் மன்னித்துவிடுவார்கள் என்ற கணக்கு. சிரிப்புக்கு அந்தக் கணக்கு செல்லாது. எங்கே விழப்போகிறது என்று தெரிந்த அடி வலிக்காது, சிரிப்பும் வராது.

இன்னொரு வகை, என் பார்வையில் அதைவிட மோசம்: தெரியாமல் விளைந்த கோமாளித்தனத்தைத் தெரிந்து செய்வது. 'பேர்டெமிக்' என்ற படம் கழுகுகள் மனிதர்களைத் தாக்கும் கதை. இயக்குநர் அதை மிக உண்மையாக, சுற்றுச்சூழல் கவலையோடு எடுத்திருந்தார். கழுகுகள் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒட்டிய படங்கள் போல அந்தரத்தில் நின்றன. அந்த அப்பாவித்தனத்துக்காகவே அரங்கம் வயிறு வலிக்கச் சிரித்தது. 2013-இல் வந்த இரண்டாம் பாகத்துக்குத் தான் ஒரு ஜோக் என்று தெரிந்திருந்தது. அவ்வளவுதான், கதை முடிந்தது. முதல் படத்தின் சிரிப்பு நீங்கள் திட்டமிட்டதா, தானாக வந்ததா என்று தனியே உட்கார்ந்து யோசியுங்கள். தானாக வந்தது என்றால், இரண்டாம் பாகத்தையும் முழு நம்பிக்கையோடு, சீரியஸாகவே எடுப்பதுதான் வழி. நடிகர்களைக் கண்ணடிக்க விடாதீர்கள்.

ரெய்மி செய்தது இரண்டுமில்லை. முதல் படம் பயமுறுத்தத்தான் எடுக்கப்பட்டது; ரத்தம் அளவுமீறிக் கொட்டியதில் சிலருக்குச் சிரிப்பும் வந்தது. இரண்டாம் பாகத்தில் அவர் அந்தச் சிரிப்பைத் தனக்குச் சிறுவயதிலிருந்தே பிடித்த அடிதடிக் காமெடியோடு சேர்த்தார். நாயகனின் கையே அவனுக்கு எதிரியாகி, தட்டுகளை எடுத்து அவன் தலையிலேயே உடைக்கிறது. அதே வீடு, அதே காடு, ஆனால் படம் வேறு. இத்தனைக்கும் அவர் முதலில் எழுத நினைத்தது நாயகன் மன்னர்கள் வாழ்ந்த இடைக்காலத்துக்குப் போகும் கதை. பணம் போட்ட டினோ டி லாரன்டிஸ் முதல் படத்தை ஒட்டியே வேண்டும் என்றார். தயாரிப்பாளர் சொல்வது எப்போதும் கெடுதல்தான் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

பணம் கூடினால் தரமும் கூடும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. 1982-இன் 'பாஸ்கெட் கேஸ்' சுமார் 35,000 டாலரில், 16 எம்.எம். கேமராவில் நியூயார்க்கின் அன்றைய அழுக்கான டைம்ஸ் சதுக்கப் பக்கம் எடுத்த படம். ஒட்டிப்பிறந்து பிரிக்கப்பட்ட சகோதரனைக் கூடைக்குள் சுமந்து திரியும் இளைஞன் கதை. 1990-இல் இரண்டாம் பாகம் வந்தபோது பணம் இருந்தது, விதவிதமான ரப்பர் உருவங்கள் ஒரு வீடு நிறைய இருந்தன. அந்த நாற்றமடிக்கும் ஊர்தான் இல்லை. எனக்கு முதல் படத்தில் பயம் கூடையிலிருந்து வரவில்லை, அந்த லாட்ஜ் படிக்கட்டிலிருந்து வந்தது.

பணம் குறைந்தும் சரியாகச் செய்தவர்கள் உண்டு. 1990-இன் 'ட்ரெமர்ஸ்' தியேட்டரில் பெரிதாகப் போகவில்லை, வீடியோவில் பிய்த்துக்கொண்டு போனது. எனவே 1996-இல் இரண்டாம் பாகத்தை நேராக வீடியோவுக்கே எடுத்தார்கள். பட்ஜெட்டும் குறைவு, நட்சத்திரம் கெவின் பேக்கனும் இல்லை. மண்ணுக்குள் ஓடும் பிரம்மாண்டப் புழுக்களை மட்டும் நம்பாமல், அவற்றின் வயிற்றிலிருந்து கால் முளைத்து வெளிவரும் சின்ன ஜந்துக்களைக் கண்டுபிடித்தார்கள். கதைக்கும் புதுசு, பட்ஜெட்டுக்கும் தோது. 1988-இன் 'ரிட்டர்ன் ஆஃப் தி கில்லர் டொமேட்டோஸ்' வறுமையையே ஜோக்காக்கியது: படத்தின் நடுவே காசு தீர்ந்துவிட, மிச்சக் கதையில் ஆட்கள் கையில் பொருட்களை வைத்துக்கொண்டு வெட்கமில்லாமல் விளம்பரம் செய்கிறார்கள். இளம் ஜார்ஜ் குளூனி அதில் இருக்கிறார்.

இருக்கும் காட்சிகளை இழுத்து இரண்டாக்காதீர்கள். 'டாக்ஸிக் அவெஞ்சர்' இரண்டாம், மூன்றாம் பாகங்கள் ஒரே படமாக எடுக்கப்பட்டு, நீளம் அதிகமானதால் 1989-இல் இரண்டாகப் பிரிந்து வந்தன. 2000-இல் வந்த நான்காம் பாகம், அந்த இரண்டையும் கைகழுவும் அறிவிப்போடுதான் தொடங்குகிறது.

வெளியீட்டுக்கு வருவோம். தணிக்கைச் சான்றிதழை எடிட்டிங் மேஜையில் நினைப்பது தாமதம். ஸ்கிரிப்டிலேயே நினைக்க வேண்டும். 'ஈவில் டெட் 2'-இல் ரத்தத்துக்குப் பச்சை, கறுப்பு எனப் பல நிறம் வைத்ததற்குத் தணிக்கைப் பயமும் ஒரு காரணம். அப்படியும் கடுமையான சான்றிதழ்தான் வரும் என்ற நிலை. டி லாரன்டிஸின் நிறுவனம் சான்றிதழ் இல்லாத படத்தை வெளியிட முடியாது. அதனால் 'ரோஸ்பட்' என்ற பெயரில் ஒரு வெளியீட்டு நிறுவனத்தைக் காட்டி, சான்றிதழ் இல்லாமலே வெளியிட்டார்கள். ரத்தத்தை வெட்டினால் காமெடியாக விற்கலாம் என்று நினைப்பதும் தவறு. 'பாஸ்கெட் கேஸ்' முதலில் அப்படித்தான் வெட்டி வெளியிடப்பட்டது, எடுபடவில்லை. வெட்டாத பிரதி வந்த பிறகுதான் நள்ளிரவுக் கூட்டம் சேர்ந்தது. இந்தப் படங்களில் பயத்தையும் சிரிப்பையும் பிரித்தால் இரண்டுமே மிஞ்சாது.

தலைப்பில் எண் போடுவது கட்டாயமில்லை. 'ட்ரோல் 2'-க்கும் 'ட்ரோல்' படத்துக்கும் சம்பந்தமே இல்லை, அதில் ட்ரோல் என்ற பூதமும் இல்லை. நம்மூரில் 2011-இல் 'முனி 2: காஞ்சனா' என்று வந்த படத்துக்கு 2015-இல் தொடர்ச்சி வந்தபோது அது 'காஞ்சனா 2' ஆகிவிட்டது. மக்கள் எந்தப் பெயரைச் சொல்கிறார்களோ அதை வையுங்கள்.

எல்லாத் தொடர்ச்சியும் முழுநீளப் படமாக, தியேட்டருக்கு வர வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானில் 30 லட்சம் யென்னில் எடுத்து 2018-இல் இரண்டே தியேட்டரில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய 'ஒன் கட் ஆஃப் தி டெட்' குழு, 2020 ஊரடங்கில் அவரவர் வீட்டிலிருந்தே ஒரு குறும்படம் எடுத்து யூடியூப்பில் இலவசமாக விட்டது. முதல் படத்தின் குணம் அதில் அப்படியே இருந்தது.

கடைசியாக, ரசிகர்களிடம் இணையத்தில் பணம் திரட்டுபவர்களுக்கு ஒன்று: டி-ஷர்ட்டும் போஸ்டரும் தருவதாகச் சொல்லும் முன், வெளிநாட்டுத் தபால் செலவைக் கணக்குப் போட்டுவிடுங்கள். படப்பிடிப்பில் ஸ்டில் எடுக்க ஒருவரை நிறுத்துங்கள். வீடியோவிலிருந்து பிடித்த மங்கல் படத்தை வைத்து எந்த விநியோகஸ்தரும் போஸ்டர் அடிக்க மாட்டார். வசனம் இல்லாமல் இசையும் சத்தமும் மட்டும் உள்ள ஒலித்தடத்தைத் தனியே எடுத்து வையுங்கள். அது இல்லையென்றால் டப்பிங் செய்து விற்கும் நாடுகள் எதுவும் உங்கள் படத்தைத் தொடாது.