முதல் சிலம்பப் போட்டிக்குத் தயாராவது எப்படி?

என் முதல் போட்டியில் தொடக்க வணக்கமான சலாம் வரிசையை முடித்து, கம்பைச் சுழற்றும் வீச்சைத் தொடங்கிய சில நொடிகளிலேயே கம்பு கையை விட்டு நழுவியது. உருண்டு போய் நடுவர்களின் மேசைக்காலில் முட்டி நின்றது. அதை எடுத்து வந்து மறுபடி தொடங்குவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. வித்தை தெரியாமல் அப்படி ஆகவில்லை. போட்டிக்கென்று தனியாகத் தயாராக வேண்டும் என்பதே அன்று எனக்குத் தெரியாது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பையிலும் இருக்கிறது. அதனால் கம்பு பிடித்த ஆறாவது மாதமே களம் காண விரும்பும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பிரிவைத் தேர்ந்தெடுங்கள்

கம்பு வீச்சு, அலங்கார வீச்சு, இரட்டைக் கம்பு, மான்கொம்பு (மான் கொம்பு ஆயுதம்), சுருள்வாள் (வளையும் தகடு வாள்), தொடுமுறை (இருவர் எதிரெதிரே நின்று கம்பால் தொட்டுப் புள்ளி எடுப்பது) என்று பல பிரிவுகள் உண்டு. முதல் முறை செல்பவர் ஒற்றைக் கம்பு வீச்சில் மட்டும் பெயர் கொடுத்தால் போதும் என்பது என் கருத்து. தொடுமுறையில் இறங்கத்தான் வேண்டும் என்றால், ஆசான் சரி என்று சொன்ன பிறகு இறங்குங்கள். சுருள்வாளை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

விதிகள் சங்கத்துக்குச் சங்கம் மாறும். எத்தனை நிமிடம், கம்பு விழுந்தால் எவ்வளவு மதிப்பெண் குறையும், தொடுமுறையில் உடலின் எந்தப் பகுதியைத் தொட்டால் புள்ளி என்பதையெல்லாம் ஆசானிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பு

தரையில் ஊன்றி நின்றால் கம்பின் நுனி உங்கள் நெற்றி உயரத்துக்கு வர வேண்டும். தடிமன் கைப்பிடிக்கு அடங்க வேண்டும். போட்டிக்கென்று புதுக் கம்பு வாங்குவதாக இருந்தால் குறைந்தது ஒரு மாதம் முன்பே வாங்கிப் பழகுங்கள். கை பழகாத கம்பு களத்தில் காலை வாரிவிடும்.

மூங்கில் கம்பு என்றால் சிலாம்பு (கையில் குத்தும் மெல்லிய நார்) இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். பழைய வேட்டித் துணி ஒன்றை எடுத்துக் கம்பைச் சுற்றிப் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை மெதுவாக இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிலாம்புகூடத் துணியின் நூலைப் பிடித்து இழுத்துக் காட்டிவிடும். பெரும்பாலும் கணுவை ஒட்டித்தான் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தால் அந்தக் கம்பு வேண்டாம். வீச்சின் வேகத்தில் பிளந்தால் பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கு ஆபத்து. வெயிலில் சாத்தி வைக்காதீர்கள், காய்ந்து வெடிக்கும். எண்ணெய் பூசுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே பூசித் துடைத்துவிடுங்கள். முந்தைய நாள் இரவு பூசிய எண்ணெயும் உள்ளங்கை வியர்வையும் சேர்ந்தால் கம்பு கையில் நிற்காது. என் கம்பு நழுவியது இதனால்தான்.

கடைசி ஆறு வாரங்கள்

தெரிந்ததையெல்லாம் காட்ட நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. உங்களுக்குத் தூக்கத்திலும் வரக்கூடிய வீச்சுகளை மட்டும் எடுத்து ஒரே தொடராகக் கட்டுங்கள். சலாம் வரிசை, முன்வீச்சு, பின்வீச்சு, இருபக்கச் சுழற்சி, திரும்புதல், நிறைவு வணக்கம் என்ற அளவு போதும். முதல் இரண்டு வாரங்கள் கம்பே இல்லாமல் காலடியை மட்டும் பழகுங்கள். கால் தடுமாறினால் கை எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு பயிற்சி. சிலம்புதல் என்றால் ஒலித்தல். கம்பு சீராகச் சுழலும்போது காற்றை அறுக்கும் ஓசையும் சீராக வரும். நண்பர் ஒருவரை எட்டத்தில், உங்களுக்கு முதுகு காட்டி உட்காரச் சொல்லுங்கள். ஓசை எங்கே அறுந்தாலும் அவர் கை தட்ட வேண்டும். என் மாணவி ஒருத்திக்கு ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் திரும்பும்போதே கைதட்டல் விழுந்தது. கவனித்துப் பார்த்தால், திரும்புமுன் அவள் மணிக்கட்டு அரை நொடி இறுகிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்தபோது அது எனக்குப் பிடிபடவே இல்லை. அந்த ஒரு திருப்பத்தை மட்டும் ஒரு வாரம் மெதுவாகச் செய்ய வைத்தேன். ஓசை அறுவது நின்றது.

ஐந்தாவது வாரம் தரையை மாற்றிப் பழகுங்கள். மண்ணில் பழகிய பாதத்துக்கு மேட் விரிப்பும் வழவழப்பான உள்ளரங்கத் தரையும் வேறு மாதிரி இருக்கும். கம்பை வேண்டுமென்றே கீழே விட்டு, பதறாமல் எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வதையும் நாளுக்கு ஐந்து முறை செய்யுங்கள். கடைசி வாரம் புதிதாக எதையும் கற்க வேண்டாம்.

தொடுமுறைக்குச் செல்பவர்களுக்கு

பெயரிலேயே இருக்கிறது: தொட வேண்டும், அடிக்கக் கூடாது. ஓங்கி அடிப்பவர் எதிராளி தொடுவதற்குத் தன் உடலைத் தானே திறந்து கொடுக்கிறார். தொட்ட கையோடு பின்வாங்கித் தடுப்பு நிலைக்கு வந்துவிடுங்கள். தொட்டுவிட்ட மகிழ்ச்சியில் நின்றால் எதிராளியின் கம்பு உங்களைத் தொட்டிருக்கும். தலைக்கவசம், மார்புக்கவசம் அணிந்தே பழகுங்கள். கவசம் போட்டால் பக்கவாட்டுப் பார்வை குறையும் என்பது முதல் முறை அணிபவருக்குத் திகைப்பாக இருக்கும். எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடக்காதீர்கள். வளரும் பிள்ளைகளை எந்த ஆசானும் அப்படிச் செய்யச் சொல்லக் கூடாது.

போட்டி நாள்

வயதுச் சான்று, ஆதார் நகல், புகைப்படம், மாற்றுக் கம்பு ஒன்று, உலர்ந்த துண்டு ஆகியவற்றை முந்தைய இரவே எடுத்து வையுங்கள். பஸ்ஸில் போவதாக இருந்தால் கம்புகளைத் துணியில் சேர்த்துக் கட்டுங்கள்.

காலை எட்டு மணிக்கு வரச் சொல்வார்கள். உங்கள் பெயரை மதியம் மூன்று மணிக்கு அழைக்கலாம். அதுவரை வெயிலில் வீசிக்கொண்டே இருந்தால் கை சோர்ந்துவிடும். நிழலில் உட்காருங்கள். இட்லி, வாழைப்பழம், மோர் போதும். உங்களுக்கு முன்னால் இன்னும் ஐந்து பேர் இருக்கும்போது எழுந்து மணிக்கட்டு, தோள், கணுக்கால் மூன்றையும் சுழற்றிச் சூடாக்குங்கள்.

பெயர் அழைத்ததும் ஓடாதீர்கள். உள்ளங்கையைத் துண்டில் துடைத்துவிட்டு வட்டத்துக்குள் நடந்து போங்கள். மண்ணைத் தொட்டு வணங்குங்கள். சலாம் வரிசையை நிதானமாகச் செய்யுங்கள். மூச்சு அதற்குள் ஒரு நிலைக்கு வந்துவிடும். முடித்ததும் நடுவர்களுக்கும், தொடுமுறை என்றால் எதிராளிக்கும் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அன்று மாலையே ஆசானோடு உட்கார்ந்து, ஓசை எந்த இடத்தில் அறுந்தது என்று கேளுங்கள்.