தகட்டில் அச்சாகும் பழைய காதல் படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாத்தா பாட்டியின் கல்யாணப் படத்தையோ, ரவிவர்மாவின் தமயந்தியையோ அலுமினியத் தகட்டில் அச்சிட்டு மாட்டுவது அருமையான யோசனை. கண்ணாடி உடையும் பயமில்லை. கரையான் அரிக்காது, ஐப்பசி மழையில் காகிதம்போல நெளியாது. ஆனால் பழைய காதல் படத்தின் அழகு அதன் மங்கலில் இருக்கிறது. தகட்டின் குணமோ மின்னுவது. அந்த மினுமினுப்பை அடக்கத் தெரியாமல் மாட்டிவிட்டால், எவ்வளவு செலவு செய்தாலும் சுவரில் விளம்பரப் பலகைதான் தொங்கும்.

முதல் தவறு கடையில் ஆர்டர் கொடுக்கும்போதே நடந்துவிடுகிறது. 'வெள்ளி நிற அடியா, வெள்ளை அடியா?' என்று கடைக்காரர் கேட்பார். உலோகம் உலோகமாகத் தெரியட்டுமே என்று பலர் வெள்ளி நிறத்தைச் சொல்லிவிடுகிறார்கள். சப்ளிமேஷன் முறையில் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சாயம் ஆவியாகி, தகட்டின் மேலுள்ள பூச்சுக்குள் இறங்குகிறது. இதில் வெள்ளை மை என்பதே கிடையாது. படத்தில் எங்கெல்லாம் வெள்ளை இருக்கிறதோ, அங்கெல்லாம் அடித்தகடுதான் தெரியும். பழைய ஸ்டூடியோ கல்யாணப் படத்தில் எது வெள்ளை? மாப்பிள்ளையின் வேட்டி, பெண்ணின் தலையில் இருக்கும் மல்லிகை, இருவருடைய விழிகளின் வெண்மை. வேட்டி எவர்சில்வர் தட்டுபோல ஆவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கண்கள் அப்படி மின்னினால் முகத்தில் உயிர் இருக்காது. மனித முகம் உள்ள எந்தப் படத்துக்கும் வெள்ளை அடியும் பளபளக்காத 'மேட்' பூச்சும் கேளுங்கள். நிலவொளியில் ஆறு, இரவு விளக்குகள் போன்ற படங்களுக்கு வெள்ளி நிறம் பொருந்தும். ரவிவர்மா படத்துக்குச் சற்றுப் பளபளப்பு இருக்கலாம். 1894இல் மும்பையில் தொடங்கிய அவருடைய அச்சகத்திலிருந்து வந்த வண்ண அச்சுகளே எண்ணெய் ஓவியம்போலத் தெரிவதற்காக வார்னிஷ் பூசப்பட்டவைதான்.

அடுத்தது, வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே அச்சுக்குக் கொடுப்பது. அதில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வந்து சேரும். 12க்கு 18 அங்குலத் தகட்டில் முகங்கள் தெளிவாக வர, குறைந்தது 2400க்கு 3600 பிக்சல் வேண்டும். 4க்கு 6 அங்குல மூலப்படத்தை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்தால் சரியாக அந்த எண்ணிக்கை கிடைத்துவிடும். வெளியூர் உறவினரிடம் படம் இருந்தால், ஸ்கேன் செய்து 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

படத்தைப் புதுப்பிக்கும் செயலிகளிடமும் கவனம் தேவை. கீறலை நீக்குகிறேன் என்று அவை முகத்தையே மாற்றிவிடுகின்றன. பாட்டியின் மூக்குத்தி ஒரு புள்ளியாகத் தேய்ந்து, கன்னத்துக் குழி மறைந்து, யாரோ ஒரு பெண் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கறையை நீக்குங்கள், முகத்தை விட்டுவிடுங்கள். கையால் வண்ணம் தீட்டிய படமென்றால் அந்த வண்ணத்தையும் 'திருத்த' வேண்டாம்.

பழைய படம் ஒட்டியிருக்கும் அட்டையின் ஓரத்தை வெட்டி எறிவதும் எனக்கு மனம் பொறுக்காத காரியம். 1989இல் வேலூர் அடங்கிய வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிவதற்கு முன் இங்கே எடுத்த படமென்றால், அட்டையின் கீழே ஸ்டூடியோ பெயரோடு 'வட ஆற்காடு' என்று பொறித்திருக்கக்கூடும். அந்த ஓரத்தையும் சேர்த்தே ஸ்கேன் செய்து அச்சிடுங்கள். படத்துக்கு ஊரும் காலமும் அங்கேதான் இருக்கின்றன.

இடம் பார்க்காமல் மாட்டுவது வேலூரில் பெரிய தவறு. சாயத்துக்கு நேர் வெயில் ஆகாது. ஆண்டுக்கணக்கில் பட்டால் வெளிறும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மேற்கு ஜன்னலின் எதிர்ச்சுவரை இந்தப் படத்துக்கு ஒதுக்காதீர்கள். காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் ஜன்னல்கள் பெரியவை. எதிர்ச்சுவரில் பளபளப்புத் தகட்டை மாட்டினால் பகலில் படம் தெரியாது, ஜன்னல்தான் தெரியும். பக்கவாட்டு வெளிச்சம் வரும் சுவரே நல்லது.

குடியாத்தம், வாலாஜாபேட்டை பக்கம் சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய வீடுகளில் இரட்டைப் பக்க ஒட்டு டேப்பை நம்பவே கூடாது. டேப் சுண்ணாம்புத் தூளைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. தகடு விழுந்தால் உடையாது என்றாலும் முனை மடங்கும். மடங்கிய முனையை நிமிர்த்தினால் பூச்சு வெடிக்கும். கூர்மையான ஓரம் குழந்தையின் காலில் விழுந்தால் இன்னும் மோசம். உதிரும் சாந்தில் வெறும் ஆணியும் நிற்காது. உள்ளே செங்கல் வரை துளையிட்டு, பிளக் செருகி, திருகாணி போடச் சொல்லுங்கள். தகட்டின் பின்னால் மரக்கட்டை வைத்துச் சுவரிலிருந்து அரை அங்குலம் விலக்கி மாட்டினால் மழைக்கால ஈரமும் தங்காது, ஓரத்தில் விழும் நிழலும் படத்துக்கு அழகு.

பழமையாகத் தெரிய வேண்டும் என்று, துரு பிடித்ததுபோல அச்சிட்ட தகரப் படங்களை வாங்குகிறவர்கள் ஒரு காந்தத்தை எடுத்துப்போகலாம். ஒட்டினால் இரும்புத் தகடு. சமையலறையிலும் குளியலறைப் பக்கமும் அது சீக்கிரமே நிஜமாகத் துருப்பிடிக்கும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது.

எந்தப் படம் என்பதில் என் கருத்து இது. ஈஃபில் கோபுரத்தின் அடியில் முத்தமிடும் முகம் தெரியாத ஜோடியைவிட, வேலூர்க் கோட்டை அகழியோரம் அப்பா அம்மா நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் உங்கள் சுவரில் ஆயிரம் மடங்கு பேசும். அப்படிப்பட்ட வெளிநாட்டுப் படங்கள் பிடிக்கும் என்றால் தாராளமாக மாட்டுங்கள். ஆனால் அவற்றையும் குடும்பப் படத்தையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள். ஒரு சுவருக்கு ஒரு பெரிய படம், மிஞ்சினால் அதனோடு இரண்டு சிறியவை. இணையத்தில் எடுத்த படத்தை அச்சிட்டு விற்கவும் நினைத்தால் உரிமையைப் பாருங்கள்: இந்தியச் சட்டப்படி ஓவியத்துக்கு, ஓவியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. ரவிவர்மா 1906இல் காலமானதால் அவர் ஓவியங்களுக்கு அந்தத் தடையில்லை.

கடைசியாக, துடைப்பது. பித்தளை விளக்குத் துலக்கும் கையோடு புளியையும் பொடியையும் இதன் மேல் கொண்டுபோனால் மேட் பூச்சு திட்டுத்திட்டாகப் பளபளக்கத் தொடங்கும். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் தடம் விழும். கேன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி போதும். தாத்தா பாட்டி படம் என்றதும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடப் பெரியவர்கள் விரும்புவார்கள். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினால் கோடு விழும். மாலை ஏறியதும் கல்யாணப் படம் நினைவஞ்சலிப் படமாகிவிடும். அவர்கள் மனம் நோகாமல், பூஜை அலமாரியில் வைக்க அதே படத்தின் காகிதப் பிரதி ஒன்றைச் சட்டமிட்டுக் கொடுத்துவிடுங்கள்.